சீட்டு இல்லாமல் மருந்து: அங்கே சட்டம், இங்கே வழக்கம்

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல், ஏழு நோய்களுக்கு மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே மருந்தாளுநர் மருந்து கொடுக்கலாம் என்று ஏற்பாடாகிவிட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2023 ஜனவரி 1 முதல் பதின்மூன்று சில்லறை உபாதைகளுக்கு இதே வசதி தொடங்கியது. இந்தச் செய்திகளைப் படிக்கிற மதுரைக்காரர் நெற்றியைச் சுருக்குவதில் வியப்பில்லை. கோரிப்பாளையத்திலோ உசிலம்பட்டியிலோ மெடிக்கல் கடை முன்னால் நின்று "காய்ச்சல், தலைவலி, இரண்டு நாளைக்குக் கொடுங்கள்" என்றால் அடுத்த நிமிடம் மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. நாம் காலங்காலமாகச் செய்து வருவதற்கு அவர்கள் ஏன் சட்டம் போட்டுக் கொண்டாடுகிறார்கள்?

கவுன்டருக்கு வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்று மற்றதற்கு நேர் எதிர். அதை விளங்கிக்கொள்ள, நம் சட்டம் மருந்துகளை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த மருந்துக்குச் சீட்டு வேண்டும்?

இந்தியாவில் மருந்து விற்பனையை ஆளுவது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் 1945-இல் வந்த விதிகளும். விதிகளின் பின்னிணைப்பாகப் பல அட்டவணைகள் இருக்கின்றன. வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை ஐந்து.

1. அட்டவணை எச். சீட்டு இருந்தால் மட்டுமே சில்லறையில் விற்கலாம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மருந்துகள் இதில் உள்ளன. அசித்ரோமைசின் இதில்தான்; நாம் மிட்டாய்போல வாங்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையும், வயிற்று எரிச்சலுக்கான ஒமெப்ரசோலும் இதில்தான்.

2. அட்டவணை எச்1. 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. தொடங்கியபோது 46 மருந்துகள்: செஃபிக்ஸிம் போன்ற வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள். சீட்டு மட்டும் போதாது. எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

3. அட்டவணை எக்ஸ். கெட்டமின் என்ற மயக்க மருந்து போன்றவை. சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். ஒன்று கடையிலேயே தங்கிவிடும்.

4. அட்டவணை ஜி. மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அட்டையில் இருக்கும். இன்சுலினும் மெட்ஃபார்மினும் இந்த வகை.

5. அட்டவணை கே. இது விலக்குப் பட்டியல். ஆயிரம் பேருக்கு மேற்படாத ஊரில் பாராசிட்டமால், ஆஸ்பிரின், கிரைப் வாட்டர் போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாத கடையிலும் விற்கலாம். சேடப்பட்டிப் பக்கத்துக் குக்கிராமத்துப் பெட்டிக்கடையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் தலைவலி மாத்திரை தொங்குவது இந்த விலக்கால்தான். அதே மாத்திரையை அதே விதத்தில் திருமங்கலம் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் தொங்கவிட்டால் குற்றம்.

இவை போக, சீட்டு இல்லாமல் வாங்கத்தக்க மருந்துகள் என்று ஒரு தனி வகை நம் சட்டத்தில் இல்லை. எந்தத் தடைப் பட்டியலிலும் பெயர் வராத மருந்துதான் சீட்டு இல்லாமல் கிடைக்கிற மருந்து. பாராசிட்டமால் அப்படித்தான் கிடைக்கிறது. இந்த வெற்றிடத்தைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

மருந்தாளுநருக்கு என்ன அதிகாரம்?

சொல்லப்போனால், எதுவும் இல்லை.

1948-ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உண்டு. டிப்ளமோவோ, நான்கு ஆண்டு பி.ஃபார்ம் பட்டமோ, 2008 முதல் நம் நாட்டில் இருக்கும் ஆறாண்டு ஃபார்ம்.டி படிப்போ முடித்துவிட்டு மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தவர் அவர். மருந்தைப் பற்றி அவ்வளவு படித்தவருக்கு 1945 விதிகள் கொடுத்திருக்கும் வேலை, எழுதியதை எழுதியபடி எடுத்துக் கொடுப்பது. அட்டவணை எச் மருந்தை மருத்துவர் ஒரு கம்பெனிப் பெயரில் எழுதியிருந்தால், அதே மருந்து, அதே மில்லிகிராம், பாதி விலையில் பக்கத்து அலமாரியில் இருந்தாலும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. 65-ஆம் விதி அதை வெளிப்படையாகவே தடுக்கிறது.

அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. திரும்பவும் கொடுக்கலாம் என்று மருத்துவர் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. கொடுத்ததும் கடையின் பெயரையும் தேதியையும் சீட்டிலேயே பதிய வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளுக்கு முதியவர்கள் பாலித்தீன் உறையில் மடித்துக் கொண்டுவரும் பிரஷர் மாத்திரைச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, மை மங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக முத்திரை விழுந்திருக்கும். சட்டத்தின் கண்ணில் முதல் முத்திரையோடு அந்தச் சீட்டின் ஆயுள் முடிந்துவிட்டது.

இது காகிதத்தில் உள்ள நிலை. நடப்பில், கண்ணாடி போட்ட பதிவுச் சான்றிதழ் கல்லாவுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும்; அதில் உள்ள முகம் கடையில் இருக்காது. சான்றிதழை வாடகைக்கு விடுவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். கவுன்டரில் நிற்பவர் பல கடைகளில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு அனுபவத்தில் மருந்துப் பெயர்களைக் கற்றுக்கொண்ட பையன். படித்தவருக்குச் சட்டம் எதையும் அனுமதிக்கவில்லை. படிக்காதவரை வழக்கம் எல்லாவற்றுக்கும் அனுமதிக்கிறது. நம் ஊர்ச் சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

'செட்' என்னும் நம்மூர்க் கண்டுபிடிப்பு

காய்ச்சல் செட், சளி செட், உடம்புவலி செட். நான்கைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, பழைய தாளில் கட்டிய பொட்டலங்கள். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதி இருக்கும், காலாவதித் தேதி இருக்காது. பில் கேட்டால் "இதற்கெல்லாம் எதற்கு பில்" என்பார்கள். பாராசிட்டமாலும் சளி மாத்திரையும் இருக்கும் செட்டில் ஆன்டிபயாட்டிக் ஒன்று சேர்வதுண்டு. உடம்புவலி செட்டில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சேர்வதும் உண்டு. வலி அன்றைக்கே பறந்துவிடும், கடைக்குக் கைராசிக்காரர் என்ற பெயரும் கிடைக்கும். வாங்கியவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அந்த வாரம் அவருடைய சர்க்கரை அளவு ஏன் ஏறியது என்பது அவருக்கும் தெரியாது, அவருடைய மருத்துவருக்கும் தெரியாது.

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பெயரில்லாத மாத்திரையை வாங்கி விழுங்கும் பழக்கத்தை மக்களுக்குக் கற்றுக் கொடுத்ததில் கிளினிக்குகளுக்கும் பங்குண்டு. மருத்துவர் தம்முடைய நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்க, நிபந்தனைகளோடு, அட்டவணை கே இடம் தருகிறது. ஊசி போட்டு, சிறு காகித உறைக்குள் உதிரி மாத்திரைகளைப் போட்டு, "வெள்ளை காலையில், மஞ்சள் இரவில்" என்று சொல்லி அனுப்பும் கிளினிக்குகள் இன்றும் இருக்கின்றன. உறைக்குள் இருப்பது என்ன என்று கேட்காமலேயே வளர்ந்த தலைமுறை, மெடிக்கலில் மட்டும் கேட்குமா?

வெளிநாட்டில் உண்மையில் என்ன மாறியது?

'சீட்டு இல்லாமல்' என்று செய்திகளில் வருவது மூன்று வெவ்வேறு சட்ட மாற்றங்களைக் குறிக்கிறது. இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி விவாதம் தடம் மாறுகிறது.

1. மருந்தின் வகையை மாற்றுவது. ஒரு மருந்தைச் சீட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் 2023 ஜூலையில் ஒரு தினசரிக் கருத்தடை மாத்திரைக்கு இப்படி அனுமதி கிடைத்தது. இதில் மருந்தாளுநரின் தீர்ப்புக்கு வேலை இல்லை. எந்த அலமாரியிலும் வைத்து விற்கலாம்.

2. முடிவெடுக்கும் அதிகாரத்தை மருந்தாளுநருக்குக் கொடுப்பது. மருந்து சீட்டு மருந்தாகவே இருக்கும். ஆனால் குறித்த நோய்க்கு, குறித்த வரம்புக்குள், அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவரே தீர்மானிப்பார். இங்கிலாந்து, ஒன்டாரியோ ஏற்பாடுகள் இந்த வகை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2016 முதல் கருத்தடை மாத்திரைக்கு இருப்பதும் இதுவே.

3. பழைய சீட்டை நீட்டிப்பது. மருத்துவர் ஒருமுறை தொடங்கிவைத்த மருந்தை மருந்தாளுநர் தொடர்ந்து கொடுப்பது, அளவைத் திருத்துவது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம் 2007-லேயே இந்த வழியில் இறங்கியது.

இரண்டாவது வகைதான் நம் கடைகளில் நடப்பதைப்போல் தோற்றமளிக்கிறது. எனவே ஒரே நோயை இரண்டு கவுன்டர்களிலும் வைத்துப் பார்ப்போம். பெண்களுக்குச் சாதாரணமாக வரும் நீர்க்கடுப்பை எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தின் கடையில் பேச்சுக்கென்று தனி அறை இருக்கிறது. வந்தவர் 16 முதல் 64 வயதுக்குட்பட்ட பெண்ணா, கர்ப்பிணியா, காய்ச்சலோ முதுகுவலியோ இருக்கிறதா என்று மருந்தாளுநர் கேட்கிறார். காய்ச்சல், முதுகுவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். உடனே மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். அப்படி இல்லை என்றால் மூன்று அறிகுறிகளைப் பார்க்கிறார்: சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இரவில் புதிதாக எழுந்து போக வேண்டியிருப்பது, கலங்கிய சிறுநீர். இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் நைட்ரோஃப்யூரன்டாயின் என்ற ஆன்டிபயாட்டிக், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாள். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கொடுத்த விவரம் அவருடைய குடும்ப மருத்துவருக்குப் போய்ச் சேர்கிறது. தவறு நடந்தால் பொறுப்பேற்க வேண்டியவரின் பெயர் அந்தப் பதிவில் இருக்கிறது.

இனி நம் கடை. பக்கத்தில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். அந்தப் பெண் தலையைத் தாழ்த்தி, "யூரின் போனால் எரிச்சலாக இருக்கிறது அண்ணே" என்கிறார். வேறு ஒரு கேள்வியும் இல்லை. சூடு என்று சொல்லி ஒரு பாட்டில் சிரப்பும், இரண்டு மாத்திரையும் வருகின்றன. நாளைக்கும் எரிந்தால் இன்னும் இரண்டு வாங்கிக்கொள்ளலாம். அவர் மூன்று மாதக் கர்ப்பிணியாக இருந்தால்? கேட்க ஆள் இல்லை. அது எந்த மாத்திரை என்று அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டால்? சொல்லத் தெரியாது.

சீட்டு இரண்டு கவுன்டரிலும் இல்லை. ஆனால் முதல் கவுன்டரில் மருத்துவரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மருந்தாளுநரின் கையெழுத்து இருக்கிறது. இரண்டாவது கவுன்டரில் அந்த இடமே காலி.

காலி இடத்தின் விளைவுகள்: படர்தாமரை

எல்லா விளைவுகளையும் இங்கே அடுக்க முடியாது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வீட்டுக்கு வீடு இருக்கிறது.

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. வியர்வையும் இறுக்கமான உடையும் சேர்ந்தால் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டமாகப் படரும். மதுரை வெயிலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த க்ரீம். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடும். அடக்கியது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. பூஞ்சை அப்படியே இருக்கிறது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் அது சாவகாசமாகப் பரவும். க்ரீமை விட்ட வாரத்தில் பழைய வட்டத்துக்கு வெளியே பெரிய வட்டம் எழும். மறுபடி அதே க்ரீம். சில மாதங்களில் தோல் மெலிந்து, தொடையில் பிரசவ வரிகளைப்போலக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் போவதில்லை.

நீண்ட காலமாக, தோலில் தடவும் ஸ்டீராய்டு மருந்துகளுக்குச் சீட்டு விதியில் ஒரு விலக்கு இருந்தது. 2018-இல்தான் அந்த விலக்கை நீக்கி அவற்றை அட்டவணை எச்-க்குள் முழுமையாகக் கொண்டுவந்தார்கள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. வழக்கமான டெர்பினஃபின் மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை இனம் பரவியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு, 2020-இல் அதற்கு ஒரு தனிப்பெயர் வைத்தார்கள்: ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே. பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. நாள்பட்ட இருமலுக்குச் சீட்டு இல்லாமல் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால், உள்ளே இருப்பது காசநோயாக இருக்கும் பட்சத்தில் அது பாதி அடங்கி, கண்டறிவது தள்ளிப்போகும். வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் போதைக்குப் போவது தமிழகக் காவல்துறைக்கு இப்போது அன்றாட வேலையாகிவிட்டது. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டதும் இதனால்தான்.

சீட்டு இருந்துவிட்டால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பல குழந்தைகளுக்கு அது மருத்துவர் எழுதிக் கொடுத்தே வாங்கப்பட்டது. டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த சிரப்பைச் சீட்டு தடுக்காது. ஆனால் எந்தத் தொகுதி எண், எந்தக் கடை, எந்தக் குழந்தை என்று பின்தொடர்ந்து போக, காகிதத்தில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். பொட்டலத்தில் கட்டிய செட்டைப் பின்தொடர வழியே இல்லை.

சட்டம் விட்டும் கடை விடாத மாத்திரை

நம் முரண்பாடு தலைகீழாகவும் வேலை செய்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 2005 முதல் சீட்டு தேவையில்லை. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், கூடிய விரைவில் எடுக்க வேண்டிய மருந்து என்பதால்தான் அந்த விலக்கே தரப்பட்டது. தமிழ்நாட்டிலோ பல கடைகளில் அது கிடைப்பதில்லை. விற்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை, அவ்வளவுதான். செஃபிக்ஸிமைச் சீட்டில்லாமல் கொடுக்கும் அதே கவுன்டரில், சீட்டே தேவைப்படாத மாத்திரைக்குச் சீட்டு கேட்பார்கள். அல்லது கேட்ட பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சட்டத்தை வழக்கம் எவ்வளவு எளிதாகத் தோற்கடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் எது மாறலாம்?

2022 மே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 16 மருந்துகளை உரிமம் பெற்ற கடைகளில் சீட்டு இல்லாமல் விற்கலாம். ஐந்து நாள் மருந்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் 500 மில்லிகிராம், போவிடோன் அயோடின், பூஞ்சைக்கொல்லியான க்ளோட்ரிமசோல் க்ரீம், டைக்ளோஃபெனாக் தைலம், கலமைன் லோஷன், மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ், மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து என்று போகிறது பட்டியல். மேலே சொன்ன மூன்று வகைகளில் இது முதல் வகை. படர்தாமரைக்காரர் ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோலை வெளிப்படையாகக் கேட்டு வாங்க இது வழிசெய்யும் என்பதால் அதை வரவேற்கலாம்.

ஆனால் மருந்தாளுநருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் தருவதைப் பற்றி அந்த வரைவில் எதுவும் இல்லை. தர வேண்டும் என்று சொல்வோர் கிராமங்களில் இரவில் மருத்துவர் இல்லாததைக் காட்டுகிறார்கள், காரணம் நியாயமானது. ஆனால் சான்றிதழ் சுவரிலும் ஆள் வேறு ஊரிலும் இருக்கும் வரை, அந்த அதிகாரம் போய்ச் சேருவது கவுன்டர் பையனிடம்தான். வரிசை தெளிவு: முதலில் ஆள் கடைக்கு வர வேண்டும், அடுத்து பில்லும் பதிவேடும் வர வேண்டும், அதிகாரம் அதற்குப் பிறகு.

மூன்றாவது வகைக்கு மட்டும் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மருத்துவர் ஒருமுறை உறுதிசெய்த சுகர், பிரஷர் நோயாளிகளுக்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கூடவே அளவையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாத்திரை வாடிப்பட்டி வீட்டுக்கே வருகிறது. அதே மாத்திரையைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கோ கிழிந்த சீட்டுதான் துணை. பதிவு பெற்ற மருந்தாளுநர் இரத்த அழுத்தம் பார்த்து, பதிவேட்டில் எழுதி, ஆறு மாதம் வரை அந்தச் சீட்டைப் புதுப்பிக்கலாம் என்று 65-ஆம் விதியில் ஒரு திருத்தம் வந்தால் போதும். பாலித்தீன் உறைக்குள் இருக்கும் அந்தச் சீட்டின்மேல் விழும் அடுத்த முத்திரை சட்டப்படியானதாக இருக்கும்.